கழற்றக்கூடிய குளியலறைச் சுவர்ப் பேனல்களை இணைக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் செந்தூல் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில், கழிப்பறைத் தொட்டியில் நீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததைச் சரிசெய்ய ஒருமுறை சென்றிருந்தோம். தொட்டி சுவருக்குள் மறைந்திருந்தது. அதற்கு முன்னால் இருந்த பேனல் கழற்றக்கூடியது என்று வீட்டாரிடமிருந்த வரைபடம் கூறியது. ஆனால் அதைப் பொருத்தியவர் நான்கு விளிம்புகளிலும் சிலிக்கோனை நிரப்பி, போதாக்குறைக்குப் பின்புறத்திலும் பசை தடவி வைத்திருந்தார். மாற்றவேண்டியிருந்த வாஷர் சில ரிங்கிட் பெறும். அதை எட்டுவதற்காக நாங்கள் அறுத்தெடுத்த பேனலின் விலையைக் கேட்டபோது வீட்டுக்கார அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கழற்றக்கூடிய பேனலில் நீரைத் தடுக்கவேண்டியது இணைப்பின் வடிவமே ஒழிய பசை அன்று. கூரை ஓடுகளை நாம் ஒட்டுவதில்லை. மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படியுமாறு அடுக்குகிறோம், மழைநீர் தானாக இறங்கிவிடுகிறது. குளியலறைப் பேனலுக்கும் அதே முறைதான். இந்த வழிகாட்டியில் வரும் படிகள் எல்லாம் அதை ஒட்டியே அமைந்தவை.

முன்தயாரிப்புக் குளியலறை புதிய சங்கதி அன்று. அமெரிக்காவில் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1940இல் காப்புரிமை பெற்ற குளியலறை, உலோகத் தகட்டில் அழுத்தி வார்த்த சில துண்டுகளைக் கொண்டுவந்து வீட்டிலேயே முடுக்கிச் சேர்க்கும் வகையில் அமைந்திருந்தது. ஜப்பானில் 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்காகத் தோக்கியோவில் நியூ ஒத்தானி ஹோட்டலை அவசரமாகக் கட்டியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளுக்கு இத்தகைய குளியலறைகளைத் தோத்தோ நிறுவனம் செய்துகொடுத்தது. இன்று புதுக் கட்டடங்களில் முழுக் குளியலறையையும் பெட்டிபோல் கிரேனில் தூக்கி வைக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிக்கும்போது அதற்கு வழியில்லை. பேனல்கள் தனித்தனியாக லிஃப்டில் ஏறி வரவேண்டும். இந்த இரண்டாம் வகையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

எந்தப் பேனல் கழல வேண்டும்

வேலையைத் தொடங்கும் முன்பே இதை முடிவுசெய்துவிட வேண்டும். எல்லாப் பேனல்களும் கழலவேண்டிய தேவையில்லை. எல்லாவற்றையும் கழலச் செய்தால் இணைப்புகள் பெருகும், செலவும் பெருகும். சுவருக்குள் மறைந்த தொட்டி, தண்ணீரை நிறுத்தும் வால்வு, சுடுநீர்க் குழாயின் இணைப்புகள், கழிவுக் குழாயைத் துப்புரவு செய்யும் வாய் ஆகியவை எங்கெங்கு உள்ளனவோ அங்குள்ள பேனல் மட்டும் கழன்றால் போதும். சாதாரண வீட்டுக் குளியலறையில் ஒன்று அல்லது இரண்டு பேனல்களுக்கு மேல் இராது.

அந்தப் பேனலின் முன்னால் என்ன வரப்போகிறது என்பதையும் இப்போதே பாருங்கள். கழலும் பேனலின்மேல் கண்ணாடித் தடுப்பையோ முகம்கழுவும் தொட்டியையோ பொருத்திவிட்டால், அது பெயரளவில்தான் கழலும். எடையையும் மறக்கக் கூடாது. பிசினில் ஊறிய காகித அடுக்குகளை அழுத்திச் செய்யும் காம்பாக்ட் லேமினேட் பலகை, 10 மி.மீ. தடிமனில், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 14 கிலோ எடையிருக்கும், 2.2 மீட்டர் உயரமும் 0.9 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பேனல் 28 கிலோ வந்துவிடும். வழுக்கும் தரையில் நின்றபடி ஒருவர் அதைத் தூக்கி மாட்ட முடியாது. ஆகவே கழலும் பகுதியை இடுப்பளவில் கிடைமட்டமாகப் பிரித்து, கீழ்ப்பாதி மட்டும் கழலும்படி செய்வதையே நான் பெரும்பாலும் பரிந்துரைக்கிறேன். தொட்டியும் வால்வும் அந்தக் கீழ்ப்பாதிக்குள்தான் இருக்கும்.

இணைப்பைத் தேர்ந்தெடுத்தல்

கடைகளில் கிடைக்கும் இணைப்பு முறைகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, ஒரு பேனலின் நாக்கு அடுத்த பேனலின் பள்ளத்தில் நுழையும் முறை. பார்வைக்கு அழகானது, விலையும் குறைவு. ஆனால் நடுவிலுள்ள பேனல் ஒன்றை எடுக்கவேண்டுமானால் வரிசையின் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வரவேண்டும். ஆகவே நிலையான பேனல்களுக்கு மட்டுமே இது ஏற்றது. இரண்டாவது, ஆங்கில எச் எழுத்தின் வடிவில் அமைந்த ஒற்றை அலுமினியப் பட்டை. இதிலும் பேனலை மேலே உருவித்தான் எடுக்கமுடியும். உட்கூரை இருக்கும் அறையில் அதற்கு இடமிராது.

மூன்றாவது, இரண்டு துண்டுகளால் ஆன பட்டை. கழலும் பேனலுக்கு நான் பயன்படுத்துவது இதைத்தான். பின்னால் இருக்கும் அடிப்பட்டை, பேனல்களைத் தாங்கும் உலோகச் சட்டகத்தோடு நிரந்தரமாகத் திருகப்பட்டிருக்கும். இருபக்கப் பேனல்களின் விளிம்புகளும் அதன் கேஸ்கெட்டுகளின்மேல், அதாவது நசுங்கி இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டைகளின்மேல், சாய்ந்திருக்க, முன்னாலிருந்து மூடிப்பட்டை வந்து அவற்றை அழுத்திப் பிடிக்கும். மூடிப்பட்டையைக் கழற்றினால் அழுத்தம் விலகும். பேனல் தனியாக வெளியே வரும், பக்கத்துப் பேனல் அசையாது. பேனலின் எடையைத் தாங்குவது வேறு, கேஸ்கெட்டை அழுத்துவது வேறு என்று இந்த இரு வேலைகளையும் பிரித்துவைப்பதே இம்முறையின் சிறப்பு. எடையைப் பின்புறக் கொக்கிகள் ஏற்கின்றன. அழுத்தத்தை மூடிப்பட்டை கொடுக்கிறது. காந்தம் வைத்துப் பிடிக்கும் பேனல்களும் விற்கிறார்கள். தண்ணீர் நேராக விழாத இடத்தில் வைத்துக்கொள்ளலாம். குளிக்கும் பகுதிக்கு வேண்டாம்.

சட்டகம்

துத்தநாகம் பூசிய எஃகுச் சேனலோ அலுமினியச் சேனலோ சட்டகத்துக்கு ஏற்றது. லேசர் மட்டத்தை வைத்து, 2 மீட்டர் உயரத்தில் 2 மி.மீ.க்கு மேல் சாய்வு இல்லாதபடி நிறுத்துங்கள். பழைய கட்டடங்களின் சுவர்கள் 15 மி.மீ. வரை வளைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சட்டகத்தில் சரிக்கட்ட வேண்டுமே தவிர, பேனலை வளைத்துச் சரிக்கட்டக் கூடாது. வளைந்து நிற்கும் பேனலில் கேஸ்கெட் ஓரிடத்தில் நசுங்கும், வேறோரிடத்தில் தொடவே தொடாது. இடைவெளியை நிரப்ப பிளாஸ்டிக் துண்டுகளையே வையுங்கள். பிளைவுட் துண்டு ஈரத்தில் ஊதும், பிறகு கரையானுக்கு விருந்தாகும்.

திருகுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கோலாலம்பூரில் 304 தரம் பொதுவாகப் போதும். பினாங்கில் கடலைப் பார்த்த வீடுகளில் உப்புக்காற்றைத் தாங்க 316 தரமே நல்லது. அலுமினியத்தில் சாதாரண இரும்புத் திருகைப் போட்டால், ஈரம் சேர்ந்ததும் இரு உலோகங்களுக்கிடையே அரிப்பு தொடங்கிவிடும். இன்னொன்று: துருப்பிடிக்காத எஃகுத் திருகு அதே எஃகாலான மரைக்குள் போகும்போது இறுகிச் சிக்கிக்கொள்வதுண்டு. ஐந்தாண்டு கழித்துக் கழற்றவேண்டிய திருகு அப்படிச் சிக்கினால் அதன் தலைதான் கையோடு வரும். ஆகவே மரையில் சிக்காமல் தடுக்கும் களிம்பு (ஆன்டி-சீஸ்) சிறிதளவு தடவிவிட்டு முடுக்குங்கள்.

அடித்தட்டும் எழுவிளிம்பும்

தரையில் வைக்கப்படும் அடித்தட்டின் நான்கு புறமும் மேலெழுந்து நிற்கும் விளிம்பு ஒன்று இருக்கும். பேனல் அந்த எழுவிளிம்பின் முன்பக்கமாக, அதாவது குளிப்பவர் நிற்கும் பக்கமாக இறங்கி அதை மறைக்கவேண்டும். பேனல்மேல் வழியும் நீர் அப்போதுதான் தட்டுக்குள் விழும். இதை மாற்றி, பேனலை எழுவிளிம்பின்மேலேயே நிறுத்தி இடைவெளியைச் சிலிக்கோனால் அடைப்பவர்கள் உண்டு. அந்தச் சிலிக்கோன் என்றைக்கு விட்டுப்போகிறதோ அன்றைக்கு நீர் சுவரின் பின்னால் இறங்கும். வெளியே எதுவும் தெரியாது. கீழ்வீட்டார் வந்து கதவைத் தட்டும்போதுதான் தெரியும்.

பேனல் எழுவிளிம்பை 20 மி.மீ. அளவுக்காவது மறைக்கட்டும். அதன் கீழ்முனை தட்டின் தளத்தைத் தொடாமல் 5 மி.மீ. உயரத்தில் நிற்கட்டும். இந்த இடைவெளியைப் பார்த்ததும் பலருக்குக் கை பரபரக்கும். என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் ஒவ்வொரு முறையும், "அண்ணே, இதையும் அடைச்சிடலாமா?" என்று கேட்பார். அடைக்கக் கூடாது. மிகக் குறுகிய இடுக்கில், ஏறத்தாழ 1 மி.மீ.க்கும் குறைவானதில், நீர் புவியீர்ப்பையும் மீறி மேலேறும். துணித்திரி எண்ணெயை உறிஞ்சுவதும் இதனால்தான். 5 மி.மீ. இடைவெளியில் அப்படி ஏறமுடியாது, சொட்டி விழுந்துவிடும்.

நிலையான பேனல்கள்

வாசலுக்கு எதிரேயுள்ள மூலையில் தொடங்கி இரு பக்கமும் வாருங்கள். கழலும் பேனல் கடைசியாக வரட்டும். மூலைப்பட்டையை முதலில் செங்குத்தாக நிறுத்தி, அதன் பள்ளத்தில் முதல் பேனலை நுழையுங்கள். பேனல்களைப் பட்டையின் ஆழத்துக்கு முழுவதுமாக முட்டத் தள்ளிவிடாமல் 2 முதல் 3 மி.மீ. வரை விட்டுவைக்க வேண்டும். 2.4 மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. பேனல், சுடுநீரால் 14 டிகிரி சூடேறினால் 2 மி.மீ.க்கு மேல் நீளும். அதே நீள அலுமினியம் முக்கால் மி.மீ. அளவே நீளும். காம்பாக்ட் லேமினேட்டுக்கு வெப்பத்தைவிடக் காற்றின் ஈரப்பதமே முக்கியம். குளிர்சாதனம் போட்ட கடையிலிருந்து வந்த பலகையை அன்றே பொருத்தாமல், இரண்டு மூன்று நாள் அந்த வீட்டிலேயே வைத்துப் பிறகு பொருத்துங்கள்.

திருகுத் துளைகளில் ஒன்றை மட்டும் திருகின் அளவுக்கே போட்டு, மற்றவற்றைச் சற்றுப் பெரிதாகத் துளையுங்கள். பேனல் ஓரிடத்தில் நிலைத்து நின்று, மற்ற இடங்களில் விரியவும் சுருங்கவும் இது இடம்கொடுக்கும்.

கழலும் பேனலை மாட்டுதல்

கழலும் பேனலின் பின்புறத்தில் கீழ்நோக்கிய கொக்கிப் பட்டையும், சட்டகத்தில் மேல்நோக்கிய தாங்குபட்டையும் இருக்கும். பேனலைச் சற்றுத் தூக்கி, உள்ளே தள்ளி, இறக்கினால் மாட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் புரிகிற இந்த முறையில் அடிக்கடி நேரும் தவறு அளவில்தான் உள்ளது. கொக்கி 12 மி.மீ. ஆழத்துக்கு மாட்டுமானால், கழற்றும்போதும் பேனலை 12 மி.மீ.க்கு மேல் தூக்கவேண்டும். ஆகவே பேனலின் தலைக்குமேல் குறைந்தது 15 மி.மீ. வெற்றிடம் வேண்டும். உட்கூரையை இடித்துக்கொண்டு நிற்கும்படி பேனலைச் செய்துவிட்டால் முதல்முறை கூட மாட்ட முடியாது. அதைவிட மோசம், உட்கூரை போடும் முன் பேனலை மாட்டிவிட்டுப் பிறகு உட்கூரையை இறக்கி முட்டவைப்பது. மாட்டியது மாட்டியதுதான். வெற்றிடத்தை மறைக்க 25 மி.மீ. அகலமுள்ள ஓரப்பட்டையைத் தனியாகக் கழலுமாறு வைத்துக்கொள்ளலாம்.

இடுப்பளவில் பிரித்த பேனலுக்கு வேறு கணக்கு. மேல்பாதியின் கீழ்விளிம்பு, கீழ்ப்பாதியின் தலைக்கு முன்னால் தொங்கி அதை மறைக்கவேண்டும். கூரை ஓட்டின் அடுக்கு இங்கேயும் வருகிறது. இதற்கு மேல்பாதியின் அடியில் இசட் வடிவ அலுமினியப் பட்டை ஒன்றை நிரந்தரமாகத் திருகி, அதன் முன்னிதழ் 30 மி.மீ. அளவுக்குக் கீழே தொங்கும்படி விடுங்கள். தூக்குவதற்கான 15 மி.மீ. வெற்றிடம் அந்த இதழின் பின்னாலேயே கிடைத்துவிடும். மாட்டிய நிலையில் இதழ் கீழ்ப்பாதியின் தலையை மீதி 15 மி.மீ. மறைத்துக்கொண்டு நிற்கும். கழற்றும்போது பேனலைத் தூக்கி, கீழ்முனையை முதலில் வெளியே இழுத்து, பிறகு சாய்வாக இறக்கி எடுக்கவேண்டும். இசட் பட்டைக்குப் பின்னால் பேனலின் தலை சாய்வதற்குப் போதிய இடம் உண்டா என்பதை ஒரு துண்டுப் பலகையால் முன்கூட்டியே ஒத்திகை பாருங்கள்.

கேஸ்கெட்

இவ்வேலையில் அதிகப் பொறுமை வேண்டிய கட்டம் இதுவே. கேஸ்கெட்டுக்குப் பயன்படும் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் ஈரத்தையும் சூட்டையும் நெடுங்காலம் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. நுழைப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று வாஸ்லீனையோ இயந்திர எண்ணெயையோ தடவினால் ரப்பர் ஊதித் தளர்ந்துவிடும். சோப்புநீரோ சிலிக்கோன் கிரீஸோ போதும்.

கேஸ்கெட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் அழுத்தாதீர்கள். இழுத்த ரப்பர் சில வாரங்களில் தன் நீளத்துக்குத் திரும்பும், முனைகளில் இடைவெளி விழும். அளவைவிட ஒரு மீட்டருக்கு 10 மி.மீ. கூடுதலாக வெட்டி, முதலில் இரு முனைகளையும் பொருத்தி, நடுவை, பிறகு மீதியை உள்ளே தள்ளுங்கள். மூலைகளில் 45 பாகையில் வெட்டி, ரப்பர் பசையால் இணையுங்கள். இந்தப் பசை ரப்பரோடு ரப்பரைச் சேர்க்க மட்டுமே, பேனலில் படக்கூடாது.

அழுத்தம் எவ்வளவு இருக்கவேண்டும்? திண்மையான கேஸ்கெட் தன் உயரத்தில் ஏறத்தாழக் கால்பங்கு நசுங்கினால் போதும், 6 மி.மீ. கேஸ்கெட் 4.5 மி.மீ. ஆகவேண்டும். ஒன்றரை விரல் நீளக் காகிதத்தைப் பேனலுக்கும் கேஸ்கெட்டுக்கும் இடையில் வைத்து மூடிப்பட்டையை முடுக்குங்கள். காகிதத்தை இழுத்தால் இறுக்கமாக எதிர்க்கவேண்டும், உருவிக்கொண்டு வரக்கூடாது. இதற்கு ஒரு ரிங்கிட் நோட்டை எடுத்து வைப்பவர்கள் உண்டு. அது வழவழப்பான பாலிமர் தாள் என்பதால் தவறான முடிவைத் தரும், மளிகைக்கடை ரசீதே மேல். மூடிப்பட்டையின் திருகுகளை நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, கைத்திருப்புளியால் மட்டும் முடுக்குங்கள்.

முன் கேஸ்கெட்டைத் தாண்டியும் ஓரிரு சொட்டு நீர் உள்ளே வரத்தான் செய்யும். அதற்காகவே அடிப்பட்டையில் முன்னும் பின்னுமான கேஸ்கெட்டுகளுக்கிடையே செங்குத்தான ஓடை ஒன்று இருக்கிறது. முன்னது வழியும் நீரை வழித்துவிடுகிறது. பின்னது காற்றைத் தடுக்கிறது. நடுவில் வந்த நீர் ஓடையில் இறங்குகிறது. இந்த ஓடையின் கீழ்முனை எழுவிளிம்பின் முன்பக்கமாக இறங்கி, தட்டுக்குள் திறந்திருக்கவேண்டும். அந்த வாயைச் சிலிக்கோனால் அடைத்தால் நல்ல இணைப்பும் நீர் நிரம்பிய குழாயாகிவிடும்.

சிலிக்கோனுக்கு இந்த அறையில் வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. குழாய்கள் நிலையான பேனலைத் துளைத்து வருமிடத்திலும் மூலைப்பட்டையின் அடியிலும் அது தேவை. வினிகர் நாற்றமடிக்கும் வகையைத் தவிர்த்து நடுநிலை வகையை வாங்குங்கள். வினிகர் வகை உலோகப் பூச்சையும் நிலைக்கண்ணாடியின் பின்பூச்சையும் அரிக்கும்.

குழாயும் மின்சாரமும்

கழலும் பேனலில் குழாய், சுவிட்சு, சுடுநீர்க் கருவி ஆகிய எதையும் பொருத்தாதீர்கள். நம் வீடுகளில் குளிக்குமிடத்திலேயே உடனடிச் சுடுநீர்க் கருவி தொங்குவது வழக்கம். அதை நிலையான பேனலில், பின்னால் சட்டகத்தின் குறுக்குச் சேனல் இருக்கும் இடத்தில் மட்டுமே மாட்டவேண்டும். அதன் மின்சுற்றில் 10 மில்லியாம்பியர் மின்கசிவுத் தடுப்பான் இருப்பதைப் பதிவுபெற்ற வயர்மேன் சோதிக்கட்டும். உலோகச் சட்டகத்தையும் நிலமிணைப்போடு சேர்க்கச் சொல்லுங்கள்.

பேனலின் பின்னால் எல்லா மாடிகளின் குழாய்களும் இறங்கும் கட்டடத்தின் பொதுக் குழாய்த்தண்டு இருக்குமானால், அதன் சுவரில் தீத்தடுப்புக்காக அடைத்திருக்கும் பொருள்களைத் தொடாதீர்கள். பேனல் தீயைத் தடுக்காது.

நீர்ச் சோதனை

முதலில் அடித்தட்டின் வடிகாலை அடைத்து, எழுவிளிம்புக்குக் கீழே நிற்கும்படி நீரை நிரப்பி 24 மணி நேரம் விடுங்கள். இச்சோதனையைப் பேனல் மாட்டும் முன்பே முடித்துவிடுவது நல்லது. பேனல்கள் ஏறியபின், கைக்குழாயால் ஒவ்வோர் இணைப்பின்மேலும் கீழிருந்து மேலாக 15 நிமிடம் நீரடியுங்கள். மேலிருந்து தொடங்கினால் எங்கே கசிகிறது என்பது தெரியாது, எல்லாமே நனைந்திருக்கும். பிறகு மூடிப்பட்டைகளைக் கழற்றி, கழலும் பேனலை எடுத்து, பின் கேஸ்கெட்டுக்கு அப்பால் டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். ஓடைக்குள் ஈரம் இருக்கலாம். அதற்குப் பின்னால் தாள் உலர்ந்தே இருக்கவேண்டும்.

இச்சோதனையைப் படமெடுத்து நாளிட்டு வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலேசியாவின் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ் 2015இல் வந்த விதிமுறைகளின்படி, கீழ்வீட்டின் உட்கூரையில் கசிவு தெரிந்தால், மாறாக நிறுவப்படும்வரை அது மேல்வீட்டிலிருந்து வந்ததாகவே கொள்ளப்படும். புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்கவேண்டும். அப்படி வந்து நிற்கும்போது பேனலைப் பத்து நிமிடத்தில் கழற்றி உலர்ந்த உட்புறத்தைக் காட்டமுடிந்தால் பேச்சு அங்கேயே முடியும். ஒட்டிய சுவராக இருந்தால் உடைத்துத்தான் காட்டவேண்டும்.

ஒப்படைக்கும் முன்

சோதனைக்காகக் கழற்றிய பேனலைத் திரும்ப மாட்டும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். வீட்டுக்காரரையே, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மாட்டச் சொல்லுங்கள். அவரால் முடியவில்லை என்றால் கொக்கியின் அளவிலோ மேல்வெற்றிடத்திலோ பிழை இருக்கிறது, திருத்துவதற்கு அதுதான் சமயம். ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது, மூடிப்பட்டையைக் கழற்றிக் கேஸ்கெட்டைச் சோப்புநீரால் துடைத்து, ஓடையின் வாயில் சேர்ந்த முடியையும் அழுக்கையும் எடுத்துவிட்டால் போதும்.

பேனலின் பின்புறத்தில், அழியாத பேனாவால், கழற்றும் வரிசையையும் திருகின் அளவையும் கேஸ்கெட்டின் உயரத்தையும் எழுதிவையுங்கள். 2 மீட்டர் நீளக் கேஸ்கெட் ஒன்றையும் அந்தத் திருகுக்கு உரிய சாவியையும் பிளாஸ்டிக் பையில் போட்டு உட்கூரையின் திறப்புக்கு மேலே வைத்து, எங்கே வைத்தீர்கள் என்பதை வீட்டாரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.